லிண்டன்பாக் கிராமத்தில் ஒரு காதுகுத்து

“அழுதா கரைஞ்சிருமா?”

“கரையும் அக்கா. உப்புத் தண்ணிக்குத்தான் கரையும். மழையில நனையலாம், முகம் கழுவலாம், ஆத்தில இறங்கிக் குளிக்கலாம், ஒண்டும் நடவாது. கண்ணீர் பட்டால் மட்டும் போச்சுது. ஆனா விடுமுறைக்கு வந்த ஆக்கள், நீங்கள் ஏன் அழப்போறியள்?”

“சும்மா கேட்டு வச்சுக்கிட்டேன்.”

“மேல பாருங்கோ. இமைக்காதேங்கோ.”

ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விழுந்தது. பனிக்கட்டி வைத்தது போலக் குளிர்ந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிட்டது. பவுன்தாய் கண்ணைக் கொட்டிப் பார்த்தாள். எதிரே நின்ற வழிகாட்டி நிரோஷன் அப்படியேதான் இருந்தான். இந்தப் பூச்சு ஊர்க்காரர்களின் முகத்தை மட்டும்தான் வெள்ளைக்கார முகமாக மாற்றிக் காட்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளை அவன். பிறந்ததெல்லாம் இங்கேதான். கறுப்பு அங்கியும் தொங்கு தொப்பியும் போட்டுக்கொண்டு பழங்காலத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி நின்றான். கையில் மட்டும் வேடத்துக்குப் பொருந்தாத ஒரு சாம்பல்நிற மோதிரம்.

“திரும்ப ஊத்திக்க முடியாதா?” என்று கேட்டான் அவள் கணவன் சௌந்தரபாண்டி.

“ஏலாது அண்ணை. ஒருக்காக் கரைஞ்சால் இந்த மோதிரம் துடிக்கும். நான் வந்து உங்களை வெளியில கூட்டிக்கொண்டு போயிடுவன். போன மாசம் ஒருத்தர் ஆசைப்பட்டுச் சமையலறையில வெங்காயம் உரிச்சவர். அதோட அவற்ற விடுமுறை முடிஞ்சுது.”

பிறகு காதுக்குப் பின்னால் அரிசியளவில் ஒரு மணியை ஒட்டினான். ஊர்க்காரர்கள் பேசுவது விருந்தினருக்கு அவரவர் மொழியில் கேட்பதற்கு. அதைக் கழற்றினாலும் இதே கதைதானாம். பொம்மிக்கும் சொட்டு விட்டு, மணி ஒட்டி, கன்னத்தைத் தட்டினான். மூன்றரை வயது பொம்மி சொட்டு மருந்துக்கு அழாமல் இருந்ததே பெரிய விஷயம். பவுன்தாய் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். வெறும் காது. வயதுக்கு மீறி வெறுமையாக இருந்த காது.

மரங்களுக்கு நடுவே ஒரு கதவு திறந்தது.

சௌந்தரபாண்டி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி வருடத்தின் நல்ல ஊழியர்களுக்கு வெளிநாட்டு விடுமுறை தரும். மற்றவர்கள் கடற்கரை, பனிச்சறுக்கு என்று கேட்டார்கள். இவன் பெண்டாட்டி சொன்னாள் என்று முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கிராமம் ஒன்றைக் கேட்டான். ஆட்கள் நகரங்களுக்குப் போய்விட, ஆளில்லாமல் கிடந்த ஒரு மலைப் பள்ளத்தாக்கை ஒரு நிறுவனம் வாங்கி, பழைய ஊரைக் கல்லுக்குக் கல் எழுப்பியிருந்தது. ஊரின் பெயர் லிண்டன்பாக்.

உண்மையில் அழகாக இருந்தது. அதுதான் பவுன்தாய்க்குப் பொறுக்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்துக் கட்டிய சாய்ந்த வீடுகள், ஈரக் கல் பாவிய தெரு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடும் வாத்துக் கூட்டம், தேவாலயத்து மணி, சதுக்கத்தின் நடுவில் குடை பிடித்தது போல ஒரு லிண்டன் மரம். ஆண்டிபட்டி நூலகத்தில் அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் அவள் பார்த்த ஊர் இது. பனி, கணப்பு, கம்பு ரொட்டி என்றெல்லாம் வாசித்துவிட்டு வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் அண்ணன் தவசியின் பரோட்டாக் கடைக்குப் போய், அவன் மாவு பிசையும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லுவாள். “அந்த ஊருல எண்ணெய் கிடையாதா? எப்பிடிய்யா சாப்புடறாய்ங்க?” என்பான் தவசி.

“நல்வரவு, மேன்மைமிகு சீமாட்டியே! நெடும் பயணத்தால் களைத்திருப்பீர்கள்,” என்றாள் ஒரு பொன்னிறக் கூந்தல்காரி, தொட்டியிலிருந்து நிமிர்ந்து.

சௌந்தரபாண்டி சிரித்துவிட்டான். “என்னப்பா இது, உங்க ஊர்த் தமிழ் அப்பிடியே புஸ்தகத்துல இருந்து எறங்குது?”

“ஆரோ பழைய மொழிபெயர்ப்புப் புத்தகங்களைக் குடுத்து மணிக்குப் பழக்கினவையாம்,” என்றான் நிரோஷன். “அவை கதைக்கிறது அவையின்ர சொந்தப் பாஷைதான். மணி அதை இப்பிடி மாத்தித் தருது.”

பவுன்தாய் சிரிக்கவில்லை. அந்தப் பொன்னிறக் கூந்தலுக்கு அடியில் யாருடைய முகம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதுக்கத்தின் ஓரத்தில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. அங்கே ஒரு தொழுமரம் இருந்தது. இரண்டு கனத்த பலகைகள், அவற்றுக்கிடையில் ஓட்டைகள், ஓட்டைகளில் ஒருவனின் கால்கள். செம்பட்டைத் தாடிக்காரன். காலை நீட்டியபடி மண்ணில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கூடையில் அழுகிய முட்டைக்கோசு. விருந்தினர்களின் பிள்ளைகள் அள்ளியள்ளி அவன்மேல் எறிந்தார்கள்.

பொம்மியின் கையிலும் யாரோ ஓர் இலையைக் கொடுத்துவிட்டார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். சௌந்தரபாண்டி தலையாட்டினான். பொம்மி கையை ஓங்கி எறிந்தாள். இலை நேராக அந்த மனிதனின் மடியில் போய் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பவுன்தாயும் தட்டினாள். குழந்தை விளையாட்டில் கிடந்தால் தேடுவதற்கு நேரம் கிடைக்கும்.

“சீமாட்டியே, இறுதி வண்டி புறப்பட்டுவிட்டதா?” என்று கேட்டான் செம்பட்டைத் தாடிக்காரன்.

“யாரு இவரு? என்ன தப்பு பண்ணாராம்?” என்றான் சௌந்தரபாண்டி.

“இது ஊர்ப் பைத்தியம் அண்ணை. உண்மையா என்னெண்டால், பூச்சு வடிவா ஒட்டாத ஆக்கள் சிலர் இருக்கினம்…”

நிரோஷன் அதற்குமேல் சொன்னது பவுன்தாயின் காதில் விழவில்லை. அவள் கண் சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் போயிருந்தது. ரொட்டிக் கடையின் திறந்த சன்னலில் பழுப்புத் தலைமுடிக்காரன் ஒருவன் மாவு உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டியவன் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்தான். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். தூக்கிய மாவு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வேட்டியை உதறியது போல் விரிந்து, பலகையில் விழுந்தது.

அவன் ஒரு கணம் தன் கையையே பார்த்தான். எதற்காக இப்படிச் செய்தோம் என்று தனக்கே விளங்காதவன் போல. பிறகு விரிந்த மாவைச் சுருட்டி, ரொட்டி ஆக்கினான்.

“என்னங்க,” என்றாள் பவுன்தாய். கணவனின் கையை இழுத்தாள். “என்னங்க, அங்கிட்டுப் பாருங்க.”

அன்று சாயங்காலம் சத்திரத்துக் கணப்பின் முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பொம்மி அப்பா மடியில் தூங்கிப்போனாள். சௌந்தரபாண்டிக்குத் தலைவலி. காப்பி கேட்டதற்கு, அது இந்த ஊருக்கு வந்து சேர இன்னும் ரொம்பக் காலம் ஆகும் என்று சொல்லிப் புளித்த பீர் கொடுத்தார்கள்.

“இவங்கல்லாம் நடிக்கிறாங்கதானே?” என்று பவுன்தாய் மெல்ல ஆரம்பித்தாள்.

“நடிச்சால் நீங்கள் கண்டுபிடிச்சிடுவியள் அக்கா. அதுக்காண்டித்தான் இவ்வளவும்.” நிரோஷன் நெருப்பைக் கிளறினான். “உங்களுக்குப் பூசினது கண்ணிலயும் காதிலயும் மட்டும். அவைக்கு மனசுக்கு உள்ள முழுக்க. தாங்கள் இந்த ஊரிலதான் பிறந்தது, இந்த ஆத்திலதான் நீந்தப் பழகினது, எல்லாம் அவைக்கு ஞாபகம் இருக்கு. பழசு அடியில கிடக்கும், ஆனா எட்டாது.”

“எங்க இருந்து வர்றாங்க?”

“எல்லா இடத்திலயும் இருந்துதான். நேபாளம், ஒடிசா, வங்காளம், உங்கட பக்கம். ஆர் ஆர் எண்டு எனக்கும் தெரியாது. நாங்களும் கண்ணில பூசிக்கொண்டுதான் நிக்கிறம். முகத்தைப் பாத்து இரக்கப்பட்டுடக் கூடாதாம்.”

“ஒப்பந்தம் முடிஞ்சா அனுப்பிருவாங்கல்ல?”

“முடியிற நேரம் கேப்பினம். இன்னும் இருக்க விருப்பமோ, போக விருப்பமோ எண்டு.”

“யாரக் கேப்பாக? அந்தப் பழைய ஆளையா?”

“பழைய ஆளைக் கேக்கிறதெண்டால் முழுசாக் கழுவ வேணும். அது லேசில்லை. செலவு. அதால இந்த ஆளைத்தான் கேப்பினம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “உன்ர ஊரை விட்டு எங்கையோ தெரியாத தேசத்துக்குப் போறியோ எண்டு கேப்பினம். அக்கா, உங்களை அப்பிடி ஆரும் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்?”

பவுன்தாய் தவசியைக் கேட்டு இரண்டு முறை நிறுவனத்துக்குப் போன் செய்தபோதும் இனிமையான குரல் ஒன்று இதையேதான் சொல்லியது. உங்கள் சகோதரர் நலமாக இருக்கிறார். தொடர்ந்து தங்கியிருக்க அவரே மனப்பூர்வமாக விருப்பம் தெரிவித்திருக்கிறார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “எங்கள வேணாம்னுட்டானா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“ஏன் அக்கா, ஆரையும் தேடுறியளோ?”

“இல்ல தம்பி.”

நிரோஷன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான். “தேடாதேங்கோ. தேடி எடுத்தாலும் அவையைக் கூட்டிக்கொண்டு போகேலாது. எனக்கும் ஒண்டும் செய்யேலாது. நீங்கள் கேட்டது நான் கேட்கேல்லை, சரியோ.”

அவன் போன பிறகு சௌந்தரபாண்டி சொன்னான், “பையன் சொல்றது சரிதான் பவுனு. அது தவசி மச்சானாவே இருக்கட்டும். என்ன செய்யப் போற?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன். பிள்ளைய அது மடியில உக்கார வச்சுக் காதக் குத்திட்டு வந்துருவேன்.”

“அதுக்கு நீ யாருன்னே தெரியாதே.”

“மடிக்குத் தெரிய வேணாம்.”

இந்தக் காதுகுத்து வீட்டில் எத்தனை சண்டைக்குக் காரணமாக இருந்தது என்று சௌந்தரபாண்டிக்குத் தெரியும். ஒரு வயதுக்குள் முடிந்திருக்க வேண்டியது. தாய்மாமன் வரட்டும், வரட்டும் என்று பவுன்தாய் தள்ளிக்கொண்டே வந்தாள். மாமியார் ஒருநாள் பந்தியில் எல்லார் முன்னாலும், “மாமன் மடி கிடைக்காத பிள்ளைக்கி மரத்தடியிலதான் குத்தணும்” என்று சொன்னபோதுகூட அசையவில்லை. பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று எத்தனையோ மடிகள் தயாராக இருந்தன. அவள் ஒப்பவில்லை.

தவசி கிளம்பிய அன்றைக்கு அவள் வயிற்றில் பொம்மி. பஸ் ஸ்டாண்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, நிற்கிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் விசாரித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போக ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. நாலைந்து வேலைகள் காட்டியபோது இந்தக் கிராமத்து வேலையைத்தான் தேர்ந்தெடுத்தான். “நீ வாசிச்ச ஊரு மாதிரியே இருக்கு புள்ள. போயிப் பாத்துட்டு வந்து நான் ஒனக்குக் கதை சொல்றேன்.” பஸ் வந்ததும் படியில் ஏறி நின்றுகொண்டு கத்தினான். “ஆணோ பொண்ணோ, என் மடியிலதான் குத்தணும். நான் வர்ற வரைக்கும் யாரு மடியிலயும் வச்சுராத.”

மறுநாள் முழுவதும் பவுன்தாய் ரொட்டிக் கடையையே சுற்றி வந்தாள். அவன் பெயர் யாக்கோப் என்று தெரிந்தது. தண்ணீர் குடிக்கும்போது குவளையை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தான். தவசியும் அப்படித்தான் குடிப்பான். பொம்மிக்கு ஒரு சின்ன ரொட்டி கொடுத்தான், விலை வாங்கவில்லை.

“பொம்மி, வீட்டுல போட்டோல இருக்காருல்ல மாமா. அவரு இவரா?”

பொம்மி ரொட்டியை மென்றபடி மேலும் கீழும் தலையாட்டினாள். ரொட்டி கொடுக்காதிருந்தால் ஆட்டியிருப்பாளா என்று பவுன்தாய் யோசிக்கவில்லை. குழந்தையின் கண்ணிலும் பூச்சுதான் இருக்கிறது என்பதையும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

அடுத்த நாள் சந்தை. அதற்கு அடுத்து அவர்கள் கிளம்ப வேண்டும். சந்தைக்கு ஊர் ஊராகப் போகும் தட்டான் ஒருவன் வருவான். விருந்தினர்களுக்கு மோதிரம் அடித்துக் கொடுப்பான், கேட்டால் காதும் குத்துவான் என்று சத்திரத்தில் சொல்லியிருந்தார்கள். உள்ளே வரும்போது கைப்பேசி, கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் பொம்மிக்கு எடுத்து வந்த தங்கக் கம்பிகள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். தங்கம் மட்டும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்போல.

பவுன்தாய் ரொட்டிக் கடைக்குப் போய் நின்றாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். சன்னலில் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

“ஒரு ஒத்தாச வேணும். பிள்ளைக்கிக் காது குத்துறோம். நீங்க கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டா நல்லாருக்கும்.”

யாக்கோப் கையைத் துடைத்தான். “என் மடி மாவு படிந்தது, சீமாட்டி. தங்களுடன் வந்த கனவான் இருக்க, நான் எதற்கு?”

“எங்க பக்கத்துல அது வழக்கம். அப்பா வச்சுக்கக் கூடாது.”

“தங்கள் தேசத்தில் இதற்கென்று ஒருவர் இருப்பார் அல்லவா?”

“இருக்காரு. தூரத்துல இருக்காரு.”

அவன் ஏதோ நினைவுக்கு வராத ஒன்றைத் தேடுகிறவன் போலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மேலங்கியைக் கழற்றி உதறிவிட்டு வெளியே வந்தான். லிண்டன் மரத்தடியில் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, இரண்டு கையையும் நீட்டினான். யாரும் சொல்லித் தராமல், நம் ஊரில் எப்படி உட்காருவார்களோ அப்படியே. பவுன்தாய் சௌந்தரபாண்டியைப் பார்த்தாள். ‘பாத்தீங்களா’ என்றது அந்தப் பார்வை.

பொம்மி மடியில் உட்கார்ந்தாள். பவுன்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழக் கூடாது. என்ன ஆனாலும் அழக் கூடாது. தட்டான் கம்பியைத் துடைத்தான், வலது காது மடலைப் பிடித்தான், குத்தினான்.

பொம்மி வீறிட்டாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. யாக்கோப் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டினான். “துயரப்படாதே, என் செல்வமே. இது கடந்துபோகும்.” அவன் கண்ணும் நிறைந்திருந்தது. குழந்தை அழுது அழுது மூச்சு வாங்கி, கையால் கண்ணைக் கசக்கி, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. அழுகை சட்டென்று நின்றது.

“அம்மா. மாமா மூஞ்சி மாறிருச்சு.”

பவுன்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தான் அழக் கூடாது என்று கணக்குப் போட்டவள், குழந்தை அழும் என்று நினைக்கவேயில்லை. காது குத்தினால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

“எப்படி மாறிருச்சு? போட்டோ மாமா மாதிரியா? சொல்லும்மா.”

பொம்மி இல்லை என்று தலையாட்டினாள். தட்டான் இடது காதுக்குக் கையை நீட்டினான். “வேணாம், இருங்க” என்று பவுன்தாய் அவன் கையைத் தள்ளிவிட்டாள். பொம்மி புதிதாகப் பார்ப்பது போலச் சுற்றும்முற்றும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். சதுக்கத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

“போட்டோ மாமா அங்க இருக்காங்க.”

தொழுமரத்தில் செம்பட்டைத் தாடிக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சௌந்தரபாண்டி அவள் தோளைத் தொட்டான். “பவுனு,” என்றான் மெதுவாக. “மொத நாளு அந்தப் பையன் சொன்னான்ல. பூச்சு சரியா ஒட்டாதவங்களத்தான் அங்க வைப்பாங்களாம். பாதி மனசோட வீட்டுக்கும் அனுப்ப முடியாது, வேலையிலயும் வைக்க முடியாது. பைத்தியமா உக்கார வச்சுட்டா அவங்க எதப் பேசுனாலும் ஊருக்குப் பொருந்திருமாம். நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

அவள் கேட்கவில்லை. அவள் மாவையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தையின் மறுகோடியில் கறுப்பு அங்கி ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. நிரோஷனின் மோதிரம் துடித்திருக்கும்.

பவுன்தாய் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அழுதுவிட்டால் போதும், பார்த்துவிடலாம். இனி அடக்கி என்ன ஆகப் போகிறது? ஆனால் அழுகை வரவில்லை. அம்மாவை நினைத்தாள். பஸ் ஸ்டாண்டை நினைத்தாள். கண்ணைக் கசக்கினாள். இரண்டு நாளாக இறுக்கி இறுக்கி வைத்திருந்தது உள்ளேயே கல்லாகிவிட்டது போல, ஒரு பொட்டு ஈரம் இல்லை. எதிரே வெளுத்த தோலும் நீலக் கண்ணும் செம்பட்டைத் தாடியுமாக ஓர் அந்நியன்தான் உட்கார்ந்திருந்தான்.

காதுக்குப் பின்னால் நகத்தை வைத்து மணியைப் பிய்த்து எறிந்தாள்.

சந்தையின் குரல் மாறியது. ஒரு பெண் இந்தியில் முட்டை விற்றாள். நேபாளியில் யாரோ யாரையோ திட்டினார்கள். பின்னாலேயே ஓடி வந்த யாக்கோப், பொம்மியைப் பார்த்து, “கரையண்டா மோளே, சாரமில்ல” என்று, அழாதே என்று மலையாளத்தில் தேற்றிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு மலையாள ஊரின் பரோட்டாக் கடையில் மாவு வீசியவன். எங்கேயோ ஒருத்திக்கு அண்ணன். அவள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மடியை இவள் வாங்கிக்கொண்டாள்.

தொழுமரத்துக்கு வந்து நின்றாள். நீலக் கண்கள் நிமிர்ந்தன.

“கடேசி பஸ்ஸு போயிருச்சா தாயி?”

அதே குரல். கொஞ்சம் கட்டிப்போயிருந்தது. ஆனால் அதேதான். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, நிற்கிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே, “இன்னும் போகலண்ணே, பயப்படாத” என்று சொன்னாள்.

“இன்னும் போகல,” என்றாள் இப்போதும்.

அவனுக்கு அது போதுமாயிருந்தது. முகத்தில் ஒரு தெம்பு வந்தது. பொம்மியைப் பார்த்தான். “முந்தாநாளு இந்தப் பிள்ளதான எறிஞ்சுச்சு? கை நல்லா வருது. மடியிலயே வந்து விழுந்துச்சு.” சிரித்தான். அவளை யாரென்று கேட்கவில்லை. அவளைத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

“அக்கா.” பின்னால் நிரோஷன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். “பிள்ளைக்குக் கரைஞ்சிட்டுது, நீங்களும் மணியைக் கழட்டிட்டியள். வாங்கோ அக்கா. மற்றவை வாறதுக்கு முதல் நானே கூட்டிக்கொண்டு போறன். அதுதான் என்னால ஏலும்.”

“ஒரு நிமிசம் தம்பி,” என்று சௌந்தரபாண்டி அவன் முன்னால் போய் நின்றான். கையைக் கூப்பிய மாதிரியும் இருந்தது, மறித்த மாதிரியும் இருந்தது. “ஒரே நிமிசம்.”

பவுன்தாய் மண்ணில் மண்டியிட்டாள். பொம்மியின் வலது காதில் புதுக் கம்பி. கம்பியடியில் ஒரு துளி ரத்தம் உறைந்திருந்தது. இடது காது வெறுமையாக இருந்தது. அவன் கண் வலது காதுக்குப் போய், இடது காதுக்கு வந்து, அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது. அடியில் கிடந்த ஏதோ ஒன்று மேலே வரப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுவது போல உதடு அசைந்தது.

“ஒத்தக் காதோட விட்டுட்டீகளே தாயி,” என்றான். “பிள்ளைக்கி மாமன் இல்லையா?”

அவன் மடியில் வாடிய முட்டைக்கோசு இலை ஒன்று இன்னும் கிடந்தது. பவுன்தாய் அதை எடுத்துப் போட்டாள். ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டாள். மற்றொரு கம்பி அவள் உள்ளங்கையில் அழுந்தியது. நிரோஷனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கறுப்பு அங்கிகள் வந்துகொண்டிருந்தன.

“இருக்காருண்ணே,” என்றாள். “இன்னொரு காது பாக்கி இருக்கு. பிள்ளைய ஒரு நிமிசம் உன் மடியில வச்சுக்கட்டுமா?”